சுரங்கத்துக்குள் இறங்காதவர்கள்

கிம்பர்லி என்றால் நமக்கு வைரம்தான் ஞாபகம் வரும். 1950களில் அந்தத் தென்னாப்பிரிக்க ஊரின் காசநோய் மருத்துவமனையை நடத்திய டாக்டர் ஸ்லெக்ஸை உறுத்தியது வேறு விஷயம். ஊருக்குக் கிழக்கிலிருந்து வரும் நோயாளிகளுக்கு மருந்து கேட்கிறது. மேற்கிலிருந்து வரும் சிலருக்கோ நுரையீரலின் உறை தடித்துக்கொண்டே போகிறது.

மேற்கில் இருந்தவை கல்நார் மலைகள், நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய இடம். பெண்களும் பிள்ளைகளும் சுத்தியலால் பாறையைத் தட்டி நாரைப் பிரித்தார்கள். கழிவுக் குவியல்களில் குழந்தைகள் விளையாடினார்கள். 1960இல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் மூவரும் அந்த வட்டாரத்தின் 33 மீசோதீலியோமா புற்றுநோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்கள். சின்ன வயதில் அந்தப் பக்கம் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

ஒரு கல் எப்படி இத்தனை வருஷம் காத்திருக்கும்?

பதிலில் பாதி ஏற்கெனவே கேம்பிரிட்ஜில் இருந்தது. 1894இல் ஃபென்டன் என்கிற வேதியியலாளர் டார்டாரிக் அமிலத்தில் (நம்ம புளியில் இருக்கிற அதே அமிலம்) ஹைட்ரஜன் பெராக்சைடும் துளி இரும்பும் சேர்த்துப் பார்த்தார். அந்தத் துளி இரும்பு வினையைத் தடாலென்று முடுக்கிவிட்டது. பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துகளை இரும்பு உருவாக்குகிறது என்பது பின்னால் புரிந்தது.

நீல ஆஸ்பெஸ்டாஸின் எடையில் சுமார் கால் பங்கு இரும்பு. நுரையீரலின் துப்புரவு செல்கள் நாரை விழுங்கப் பார்க்கும். நாரோ செல்லைவிட நீளம். பாதி விழுங்கிய நிலையில் அவை பெராக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கும். இரும்பு தயார், பெராக்சைடு தயார். ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே மோதி அழிவது, அதிக தூரம் போகாது. ஆனால் நாரிலிருந்து கசியும் இரும்பு டிஎன்ஏவின் பக்கத்திலேயே அதைப் பிறப்பிக்க முடியும். அடிபட்ட குவானின் தப்பான ஜோடியைப் பிடிக்கிறது; அடுத்தடுத்த நகல்களில் அந்த இடத்தில் தைமின் உட்கார்ந்துவிடுகிறது. பழைய கோடில் ஒரு எழுத்து மாறி, யாரும் கவனிக்காமல் புரொடக்‌ஷனுக்குப் போன மாதிரி.

வைட்ஸ்மனும் கிராசெஃபாவும் 1984இல் ஆஸ்பெஸ்டாஸை வைத்தே இந்த வினையைக் காட்டினார்கள். இரும்பைக் கட்டிப்போடும் மருந்தைச் சேர்த்தால் அது அடங்கியது. இரும்பு மட்டுமே குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது: வெள்ளை ஆஸ்பெஸ்டாஸில் இரும்பு குறைவு, அதுவும் புற்றுநோய் தரும். செல் பிரியும்போது நார்கள் குரோமோசோம்களில் சிக்கி அவற்றை முறிப்பதும் உண்டு.

ஆனால் இரும்பு இந்த வினையில் தீர்ந்துபோவதில்லை. நீல நாரும் லேசில் கரையாது. ஐந்து வயதில் குவியலில் விளையாடிய பிள்ளைக்குள் அது நாற்பது வருஷம் வேலை செய்துகொண்டிருக்கும். தென்னாப்பிரிக்கா ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை போட்டது 2008இல்.