இன்சுலின் சுரப்பு: குடலும் நரம்பும்

சாப்பிட்டதும் குடலில் ஊறும் ஓமோன்களும், மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளும் சேர்ந்து சதையியை இன்சுலின் சுரக்கவைக்கும் ஒழுங்கு இது. தமிழ்நாட்டார் கணையம் என்பதையே இலங்கைத் தமிழர் சதையி என்பர். அதனுள் சிதறிக் கிடக்கும் கலத்திட்டுகளை 1869இல் பேர்லின் மருத்துவ மாணவர் போல் இலங்கர்கான்சு கண்டார். 1893இல் பிரான்சின் லகெசு அவற்றைச் சிறுதீவுகள் என்றார். இன்சுலின் என்ற பெயரும் தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. யாழ்ப்பாண நகருக்கு எதிரே, பண்ணைப் பாதையால் கரையோடு இணைந்த மண்டைதீவின் பெயரை மண்டை, தீவு எனப் பிரித்துப் படித்தால் மூளையும் சிறுதீவுமாக இக்கட்டுரையின் இரு பாத்திரங்களும் கிடைத்துவிடும். வெறும் சொல் விளையாட்டுத்தான், ஆனாலும் விட மனமில்லை.

தீவுப்பகுதி வீடொன்றில் கூழ் காய்ச்சும் நாளை எடுத்துக்கொள்வோம். நண்டும் இறாலும் மீன்தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் பானையில் அவிகின்றன. கரைத்த ஒடியல் மாவும், அரைத்த செத்தல் மிளகாயும், பழப்புளியும் அதில் சேர்கின்றன. கோலிய பலாவிலையில் வாங்கி முதல் மிடறு வாயில் பட்ட சில நிமிடங்களுக்குள், குருதியில் சீனி ஏறுமுன்னரே, சிறிதளவு இன்சுலின் வெளிப்படத் தொடங்கலாம். அதை ஏவுவது மூளைத்தண்டிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகசு நரம்பு. கூழ் சிறுகுடலின் மேற்பகுதிக்கு வந்ததும் அங்குள்ள கலங்கள் ஜிஐபி என்ற ஓமோனையும், கீழ்ப்பகுதிக் கலங்கள் ஜிஎல்பி-1 என்ற ஓமோனையும் குருதியில் விடுகின்றன. பயந்தாலோ ஓடினாலோ பரிவு நரம்புகள் எதிர்வேலை செய்து இன்சுலினை அடக்கிவைக்கும்.

இந்த ஆராய்ச்சி நரம்பிலிருந்துதான் தொடங்கியது. 1849இல் பாரிசில் குளோட் பேர்ணார்ட் முயலின் மூளையில் நான்காம் அறையின் அடித்தளத்தை ஊசியால் குத்தினார். அதன் சிறுநீரில் சீனி வந்தது. சலரோகம் (நீரிழிவு) மண்டைக்குள்ளிருந்தும் வரலாம் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. பேர்ணார்டிடம் பயின்ற அமெரிக்கர் யோன் டால்ற்றன் எழுதிய உடற்றொழில் நூல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1883இல் ‘மனுஷ சுகரணம்’ எனத் தமிழில் வந்தது. இன்சுலினுக்குப் பெயரே இல்லாத காலம் அது. பாரிஸ் ஆய்வுகூடத்திலிருந்து மானிப்பாய்க்கு இரண்டே கைமாற்றம்!

1902இல் இலண்டனில் பேலிசும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்தபின் குடலுக்குள் அமிலம் ஊற்றினர். அப்போதும் சதையி தன் சமிபாட்டுச் சாற்றைச் சுரந்தது. செய்தி குருதி வழியே போயிருக்கிறது. 1905இல் ஓமோன் என்ற சொல் வந்தது. 1906இல் லிவர்பூலில் மூர் குழுவினர் குடற்சாற்றைச் சலரோகிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1921இல் ரொறன்ரோவில் இன்சுலின் பிரிக்கப்பட்டதும் மற்றதெல்லாம் பின்னுக்குப் போனது. பெல்ஜியத்தின் லா பார் மட்டும் விடவில்லை. 1932இல், இன்சுலினைத் தூண்டும் குடற்பொருளுக்கு இன்கிறீற்றின் என்று பெயர் கொடுத்தார். 1940 வாக்கில் அமெரிக்காவின் ஐவி குழுவினர் அப்படி ஒன்று இல்லை என்று தீர்ப்பு எழுத, இருபதாண்டுகள் இத்துறை ஏறக்குறைய உறங்கிப்போனது. பிழை எண்ணத்தில் அல்ல, அளவையில் இருந்தது. குருதியில் இன்சுலினை நேரடியாக அளக்க அன்று வழியில்லை.

அந்த வழியை 1960இல் யாலோவும் பேர்சனும் திறந்தனர். 1964இல் இலண்டனில் மக்கின்றையர் குழுவினர் ஒரே அளவு குளுக்கோசை ஒருமுறை ஊசியால் நாளத்துக்குள்ளும் ஒருமுறை குழாய் வழியே குடலுக்குள்ளும் செலுத்தினர். குடல்வழி போனபோது குருதிச் சீனி குறைவாகவே ஏறியது, இன்சுலினோ கூடுதலாக வந்தது. உடல்நலமுள்ளவரில் உணவுக்குப் பின் வரும் இன்சுலினில் பாதிக்கு மேல் இந்தக் குடல் ஏவலால் வருவது என்று பின்னர் கணக்கிட்டனர். 1970களின் தொடக்கத்தில் ஜிஐபி அடையாளமானது.

ஜிஎல்பி-1இன் கதையில் மீன் வருகிறது. தலையில் தூண்டில் போன்ற இழையுடைய அட்லாண்டிக் மீன் ஒன்றுக்குச் சிறுதீவுக் கலங்கள் தனிக் கட்டியாகவே திரண்டிருக்கும். அதிலிருந்துதான் 1982இல் பொஸ்ரனில் குளுக்ககன் என்ற ஓமோனின் மரபணுவைப் படித்தனர். மனித மரபணு அடுத்த ஆண்டே வந்தது. அதில் ஒளிந்திருந்த ஜிஎல்பி-1 இன்சுலினைக் கூட்டுகிறது என்பது 1987இல் உறுதியானது. இரண்டாம் வகைச் சலரோகம் வந்தவரில் ஜிஐபியின் வலு பெரும்பாலும் போய்விடும், ஜிஎல்பி-1க்கு மட்டும் உடல் இன்னும் செவிசாய்க்கும். அதனால் மருந்தாய்வு அப்பக்கம் திரும்பியது. இரண்டு நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும் இந்த ஓமோனுக்கு மாற்றாக, கீலா என்ற அமெரிக்கப் பல்லியின் நச்சு உமிழ்நீரில் நெடுநேரம் நிற்கும் பொருளை 1992இல் யோன் எங் கண்டார். அது 2005இல் எக்செனரைட் ஊசியானது. அதே வகை மருந்தான செமாகுளுரைட் 2017இல் வந்தது.

அவ்வளவு விரைவில் அழிவது சிறுதீவுவரை எப்படிப் போய்ச் சேரும்? குடற்சுவரிலும் அங்கிருந்து ஈரலுக்குப் போகும் நாளத்திலும் உள்ள வேகசு முனைகளைத் தொட்டு, மூளை வழியாகவும் அது தன் வேலையை நடத்துகிறது என்று கருதுகின்றனர். மூளையும் சொந்தமாக ஜிஎல்பி-1 செய்கிறது. செய்யும் கலங்கள் இருப்பது மூளைத்தண்டில், பேர்ணார்ட் ஊசி குத்திய நான்காம் அறையின் அடித்தளத்துக்குப் பக்கத்தில்.