காணிக்கையில் எழுந்த கலைக்கழகம்

உயர்கல்விச் செலவு என்றதும் நாம் கட்டணத்தையே எண்ணுகிறோம். சித்தூர் மாவட்டத்தாருக்கோ தொலைவும் ஒரு செலவாயிருந்தது. 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த அவர்களுக்குரிய பல்கலைக்கழகம் சென்னையில் இருந்தது. அங்குத் தங்கி ஆராய்ச்சி செய்தல் எளிய உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத காரியம்.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1945-இல் திருப்பதியில் ஒரு கல்லூரி நிறுவிற்று. பின்னர் அது 1,000 ஏக்கர் நிலம் வழங்க, 1954-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் எழுந்தது. தேவஸ்தானத்தின் செல்வமோ, தமிழர் உள்ளிட்ட எண்ணற்ற அடியார்கள் இட்ட காணிக்கையன்றோ!

ஆகவே, அங்குப் பட்டம் பெறுவோர் தாம் கட்டிய பணத்தால் மட்டும் கற்றவரல்லர். பெயரறியா ஏழையின் உண்டியற் காசும் அக்கல்வியிற் கலந்துள்ளது. பிற மாநிலங்களில் வாழும் நாமும், நம் மக்களின் கல்விக்காக அம்மண் ஈந்ததைக் கடனாக எழுதிவைப்போம். அதனைத் தொண்டினால் தீர்ப்போம்.