குலுக்கலில் தேர்ந்த 150 பேர்

2018 நவம்பரில் பிரான்சு நாட்டுச் சாலைச் சந்திகளில் மஞ்சள் மேலங்கி அணிந்த மக்கள் திரண்டனர். ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டுமென அந்நாட்டுச் சட்டம் விதித்திருந்த மேலங்கியே கிளர்ச்சியின் சின்னமாயிற்று. புவி வெப்பமாதலைத் தடுக்கும் நோக்குடன் எரிபொருள் வரியை உயர்த்த அரசு முனைந்ததே அதற்கு உடனடிக் காரணம். பேருந்து எட்டாத சிற்றூர்களில் வாழ்வோர்க்குக் கார் ஆடம்பரமன்று, பிழைப்புக்கு வழி. நோக்கம் நன்றே, ஆயினும் சுமப்பவரின் இசைவு பெறப்படவில்லை. டிசம்பரில் அரசு அவ்வுயர்வைக் கைவிட்டது.

மக்களைக் கேட்டே செய்வோம் என்னும் எண்ணம் இதன் பின்னரே வலுப்பெற்றது. 2019 அக்டோபரில் காலநிலைக்கான குடிமக்கள் அவை பாரிசில் கூடிற்று. தொலைபேசி எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, வயது, பால், கல்வி, தொழில், வாழிடம் ஆகியவற்றில் நாட்டு மக்களின் சாயல் அமையுமாறு 150 பேரைத் தேர்ந்தனர். உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறை இங்கே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் அங்கே நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடையோர் பெயர்களே குடத்துள் இடப்பட்டன. இங்கோ 16 வயதினர்க்கும் இடமிருந்தது.

1990ஆம் ஆண்டின் அளவினும் குறைந்தது 40 விழுக்காடு வெப்ப வாயுக்களை 2030க்குள் குறைத்தல் வேண்டும். அதுவும் சமூக நீதி பிறழாமல். இதுவே அவர்கள்முன் வைக்கப்பட்ட வினா. அறிவியலாரிடம் பாடம் கேட்டனர், தம்முள் வாதிட்டனர். வாரத்திற்கு 28 மணி நேர வேலை என்னும் கருத்தைத் தாமே வாக்களித்துத் தள்ளினர். எரிபொருள் வரியை மீண்டும் உயர்த்துமாறு கேட்கவுமில்லை. ஆயினும் 2020 ஜூனில் அவர்கள் அளித்த 149 பரிந்துரைகள் பல அரசின் துணிவை விஞ்சி நின்றன. சாமானியர்க்குச் சூழலைப்பற்றி என்ன தெரியும் என்பார்க்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.

பரிந்துரைகளை வடிகட்டாமல் நாடாளுமன்றத்திற்கோ பொது வாக்கெடுப்பிற்கோ அனுப்புவதாக அதிபர் மக்ரோன் முன்பே வாக்களித்திருந்தார். மூன்றை மட்டும் அவர் உடனே விலக்கினார். நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 110 கிலோமீட்டராகக் குறைப்பது அவற்றுள் ஒன்று. எஞ்சியவற்றுட் பல வரைவு நிலையிலேயே மெலிந்தன. 2021 பிப்ரவரியில் அவையினர் மீண்டும் கூடி, தம் பரிந்துரைகளை அரசு கையாண்ட விதத்திற்கு மதிப்பெண் இட்டனர். பத்துக்குக் கிடைத்தது சராசரி 3.3. அவ்வாண்டு ஜூலையில் அரசியலமைப்புத் திருத்தத்திற்கான பொது வாக்கெடுப்பும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சொற்களில் உடன்படாமையால், கைவிடப்பட்டது.

இரயிலில் நான்கு மணி நேரத்திற்குள் செல்லக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு வானூர்தி வேண்டாம் என்று அவையினர் கூறியிருந்தனர். 2021 ஆகஸ்டுச் சட்டம் அதனை இரண்டரை மணி நேரமாக்கிற்று. 2023 மே மாதம் அவ்விதி நடைமுறைக்கு வந்தபோது நின்றவை, பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்து, லியோன், போர்தோ நகரங்களுக்குச் சென்ற மூன்று வழித்தடங்களே.