தனியார் பல்கலைக்கழகக் கட்டணம்: கல்லூரியின் பெயர் யாருக்குப் பலனளிக்கிறது?

பல லட்சம் கட்டித் தனியார் பல்கலைக்கழகத்தில் படிப்பது பயன் தருமா என்னும் கேள்விக்கு, அது கல்லூரியின் பெயரைப் பொறுத்தது என்பதே வழக்கமான விடை. அந்தப் பெயர் எப்படி உருவாகிறது, எல்லாச் சாதி மாணவருக்கும் அது ஒரே பலனைத் தருகிறதா என்பவை அரிதாகவே கேட்கப்படுகின்றன.

ஒன்றிய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. பொறியியல் பிரிவில் 100 மதிப்பெண்ணுக்கு 10, வேலையளிப்போரும் கல்வியாளரும் ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்துக்கு உரியது. பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய மாணவருக்கான கூறு ஏறத்தாழ 2 மட்டுமே. தலித் மாணவர் ஒருவரைக்கூடச் சேர்க்காத நிறுவனம் முன்வரிசைக்கு வருவதை இம்முறை தடுக்காது.

சட்டமும் தடுப்பதில்லை. தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 15(5) ஆம் உறுப்பு, 93 ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்தது; உச்ச நீதிமன்றம் 2014 இல் அதனை ஏற்றது. எனினும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு வலியுறுத்தும் வரையிலும் அதற்கான ஒன்றியச் சட்டம் இயற்றப்படவில்லை. தமிழ்நாட்டின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பொறியியல் படிப்புகளுக்குக் கலந்தாய்வுக்கு வெளியே, தாமே மாணவரைச் சேர்க்கின்றன.

கட்டணச் சுமையும் சமமானதன்று. பட்டியலின மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு அது கிடையாது. சேர்க்கை நாளில் இதை எடுத்துச் சொல்லும் முகவரைக் காண்பது அரிது. வங்கிக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்கப்படும். நிலமற்ற குடும்பம் எதைப் பிணையாக வைக்கும்?

இனி வரவைப் பார்ப்போம். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோரின் ஆய்வு 2007 இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வெளிவந்தது. நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அவர்கள் அனுப்பினர். ஆதிக்கச் சாதிப் பெயருடன் ஒப்பிடுகையில், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. பட்டம் ஒன்றே, பெயர் மட்டும் வேறு.

அதே ஆண்டில் அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேத்தரின் நியூமனும் தில்லியின் புகழ்பெற்ற அரசுப் பல்கலைக்கழக மாணவரை ஆராய்ந்தனர். ஒரே வளாகத்தில் படித்தும், தலித் மாணவர் எதிர்பார்த்த ஊதியம் குறைவு. அரசுப் பணியையே அவர்கள் பெரிதும் நாடினர். இதனைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று கூறுவது எளிது. தனியார் நேர்காணல்களில் குடும்பப் பின்னணி கேட்கப்படுவதையும், தமக்கு அங்கே பரிந்துரைக்க ஆள் இல்லாததையும் அறிந்தவர்கள் செய்த சரியான கணக்கு அது. குறைந்த செலவில் கிடைத்த நற்பெயரே இவ்வாறு ஏற்றத்தாழ்வாகப் பலனளிக்குமானால், கடன்பட்டு வாங்கும் பெயரைப் பற்றிக் கூடுதல் ஐயம் தேவை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் "எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார்?" என்னும் கேள்வி இங்கேயும் உண்டு.

விளம்பரப் பலகைகள் மிக உயர்ந்த ஊதியத்தையே காட்டுகின்றன. தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் விவரத்தில் இடைநிலை ஊதியம் இருக்கிறது. சேருமுன் அதைப் பார்க்கலாம். சாதிவாரியாக எத்தனை பேர் வேலை பெற்றனர் என்னும் கட்டம் அதில் இல்லை. அந்தக் கணக்கை ஒவ்வொரு கல்லூரியிடமும் மாணவர் அமைப்புகள்தாம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.