இரண்டு வெனிலா பாட்டில்களும் ஒரு பழைய கடன் மனுவும்

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். கேக்கை வீட்டிலேயே செய்வது என்று மகளும் தங்கமணியும் முடிவெடுத்து விட்டார்கள். வழக்கம்போல பை தூக்குவது மட்டும் என் இலாகா :-) செம்பூரிலிருந்து மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய், காப்பிப்பொடி பெருங்காயத்தோடு ஒரு குட்டி பாட்டில் வெனிலா எசென்ஸும் வாங்கி வந்தேன்.

மகள் லேபிளைப் படித்துவிட்டு, "அப்பா, இது நிஜ வெனிலா இல்ல. நான் பார்த்த குறிப்புல எக்ஸ்ட்ராக்ட்னு போட்டிருக்கு" என்றாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பாக்கி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வித்தியாசம்.

வெனிலா மெக்சிகோ பக்கத்து ஆர்க்கிட் கொடி. அதன் காயை மாதக்கணக்கில் வேர்க்கவைத்து, வெயில் காட்டி, நிழலில் ஆறப்போட்டுப் பதப்படுத்தினால்தான் மணம் வரும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ பதப்படுத்திய காய் தேறும். அதை நறுக்கி ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்கும் சாறுதான் எக்ஸ்ட்ராக்ட். அமெரிக்கச் சட்டப்படி அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹாலும், லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காயின் சத்தும் இருந்தாக வேண்டும்.

நம் எசென்ஸில் பொதுவாகக் காயே கிடையாது. காயின் மணத்தில் முக்கியமான ஒரே ஒரு பொருள், வெனிலின். அதை ஆலையில் செய்து திரவத்தில் கரைத்திருப்பார்கள். 1874-ல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இருவர் பைன் மரச் சாற்றிலிருந்த ஒரு பொருளைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். பிறகு கிராம்பு எண்ணெயிலிருந்தும், காகித ஆலைக் கழிவிலிருந்தும் செய்தார்கள். இன்று பெரும்பகுதி பெட்ரோலிய வழிப் பொருட்களிலிருந்து வருகிறது. உலகம் ருசிக்கும் வெனிலா மணத்தில் காயிலிருந்து வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் எசென்ஸ் மோசடியா? இல்லை. தாராவியின் சின்ன பேக்கரிகளில் எக்ஸ்ட்ராக்ட் ஊற்றி பிஸ்கட் போட்டால் யார் வாங்குவார்கள்? நம் ஃபில்டர் காப்பியில் சிக்கரி இல்லையா? பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறான், தெரிந்தேதான் குடிக்கிறோம். அதுபோலத்தான் இதுவும்.

காய் ஏன் இத்தனை விலை? மெக்சிகோவுக்கு வெளியே இந்தப் பூவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்யப் பூச்சி கிடையாது. பூவோ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். 1841-ல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவைத் தொட்டுக் காய் பிடிக்கவைக்கும் வழியைக் கண்டுபிடித்தான். மடகாஸ்கர் முதல் நம் ஊர்வரை இன்றும் அதே முறைதான். ஒவ்வொரு காயும் ஒரு மனிதக் கை தொட்ட காய். கண்டுபிடித்தவனுக்கு 1848-ல் விடுதலை கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. 1880-ல் வறுமையில் இறந்தான்.

இனி கொசுவத்தி சுற்றுகிறேன். 2000 ஏப்ரலில் ஹூதா புயல் மடகாஸ்கரைப் புரட்டிப்போட்டது. உலகச் சந்தையில் காய்க்குத் தட்டுப்பாடு. 2003 வாக்கில் கேரளா, கர்நாடகா, பொள்ளாச்சி எல்லாம் ஒரே வெனிலா பேச்சு. பச்சைக் காயே கிலோ 3000 ரூபாயைத் தாண்டியது. ராத்திரியில் தோட்டத்துக்குக் காவல் போட்டார்கள்.

அப்போது நான் ஆனைமலை அடிவாரத்தில் ஒரு வங்கிக் கிளையில் புதுசாகச் சேர்ந்த அதிகாரி. தென்னந்தோப்புக்குள் வெனிலா போட ஒரு விவசாயி கடன் கேட்டு வந்தார். திட்ட அறிக்கை எழுதியது நான். அன்றைய விலையை விளைச்சலால் பெருக்கினேன். வருமானம் பிரமாதமாக வந்தது. கடனும் கிடைத்தது.

பி.காமில் முதல் வருஷமே சொல்லித்தருவார்கள்: விலை ஏறினால் வாங்குபவன் மாற்றுப் பொருளுக்குப் போவான். ஐஸ்கிரீம் கம்பெனிகள் அதைத்தான் செய்தன. காயை விட்டு வெனிலினுக்கு மாறின. புயலில் போன கொடிகளும் மடகாஸ்கரில் திரும்ப வளர்ந்தன. நட்ட கொடி பூக்க மூன்று வருஷம் ஆகும். அதற்குள் பச்சைக் காய் விலை 100 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது.

தோட்டத்துக்குப் போனேன். "காய் நல்லாத்தானுங்க சார் புடிச்சிருக்கு. வாங்கத்தான் ஆளில்லீங்க" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு தோப்பில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைத்தார். வங்கிக் கணக்கில் அது நல்ல கடன். என் கணக்கில் இன்னும் வராக்கடன்தான்.

2017-ல் மடகாஸ்கரில் இன்னொரு புயல். பதப்படுத்திய காய் கிலோ 600 டாலர்வரை போனது. இங்கே பலர் கொடியைப் பிடுங்கிப்போட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கேக்கில் எசென்ஸே போகட்டும், அடுப்பில் வேகும் பண்டத்தில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது என்றேன். ஐஸ்கிரீம், கஸ்டர்டு என்றால் தெரியும்.

நீங்களும் கடையில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். வெனிலா காயும் ஆல்கஹாலும் போட்டிருந்தால் எக்ஸ்ட்ராக்ட். வெனிலின், செயற்கைச் சுவையூட்டி என்றிருந்தால் எசென்ஸ். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் என்னை மாதிரி 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த நினைப்பில் ஒரு கடன் மனுவில் கையெழுத்துப் போட்டவன் சொல்கிறேன்.

கேக் நன்றாகவே வந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பொள்ளாச்சிப் பக்கம் போய் நாலு காய் வாங்கிவர வேண்டும். அந்தத் தோப்பையும் எட்டிப் பார்க்க வேண்டும்.