எழில் நிரல்மொழியும் பைத்தான் வழங்கல்களும்

எழில் என்பது தமிழ்ச் சொற்களைக் கொண்டு நிரல் எழுத உதவும் திறந்த மூல நிரல்மொழி ஆகும். ஆங்கிலம் தடையாக இல்லாமல் பள்ளி மாணவர்கள் கணினியியல் கற்க வேண்டும் என்னும் நோக்கில், முத்தையா அண்ணாமலை 2007 இன் இறுதியில் இதனை உருவாக்கத் தொடங்கி, 2009 இல் அறிவித்தார்.

மொழியமைப்பு

ஆங்கிலச் சொற்களைக் கொண்ட நிரல்மொழிகளில் 'இஃப்' முதலிலும் நிபந்தனை அடுத்தும் வரும். எழிலில் நிபந்தனையை எழுதிய பின்னரே 'ஆனால்' வரும். தமிழ்த் தொடரின் இயல்பும் இதுவே. வெளியீட்டுக்குப் 'பதிப்பி', மடக்குக்கு 'வரை', தொகுதியின் இறுதிக்கு 'முடி' ஆகியன பயன்படுகின்றன.

வழங்கல்களின் வேறுபாடு

எழிலின் வரிமொழிமாற்றி பைத்தானில் எழுதப்பட்டது. எனவே எழிலைப் பொதியாக நிறுவ விரும்பும் மாணவருக்கு முதலில் பைத்தான் தேவை. ஆனால் பைத்தான் எல்லா இடங்களிலும் ஒரே கருவிகளுடன் கிடைப்பதில்லை. விண்டோசுக்கான அதிகாரப்பூர்வ வழங்கலில் 'ஐடில்' என்னும் நிரல் எழுதும் சூழலும், பொதிகளை நிறுவும் 'பிப்' கருவியும் சேர்ந்தே வருகின்றன. டெபியன், உபுண்டு ஆகிய லினக்சு வழங்கல்களில் இவ்விரண்டும் தனிப் பொதிகள். தனியே நிறுவ வேண்டும். 2012 இல் வெளிவந்த அனகோண்டா, நம்பை, பாண்டாசு, சுப்பிட்டர் முதலிய அறிவியல் கருவிகளையும் சேர்த்துத் தருகிறது. அதனால் அதன் கோப்பு மிகப் பெரியது. எழிலுக்கென 'எழுதி' என்னும் தொகுப்பியும் உருவாக்கப்பட்டது.

தமிழ் எழுத்துகளை எண்ணுதல்

உடன் வரும் கருவிகளின் முக்கியத்துவத்தை ஓர் ஊர்ப்பெயரே காட்டும். 'தூத்துக்குடி' என்பதில் ஆறு எழுத்துகள் உள்ளன. பைத்தானின் 'லென்' செயற்கூறோ 12 என்று விடை தரும். ஒருங்குறியில் 'தூ' என்பது 'த' ஒன்று, ஊகாரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாகப் பதிவாவதே காரணம். எழில் திட்டத்திலிருந்து வளர்ந்த 'ஓப்பன்-தமிழ்' நிரலகம் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்து, ஆறு என்னும் சரியான விடையைத் தருகிறது. இதனைப் 'பிப்' வழியே தனியாக நிறுவிக்கொள்ளலாம்.

இன்றைய தேவை

2019–20 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டின் 12 ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இடம்பெற்றது. தமிழ்வழி மாணவர்க்குப் பாடவிளக்கம் தமிழில் இருந்தாலும், நிரலின் சொற்கள் ஆங்கிலமே. அந்த இடைவெளியை நிரப்ப எழில் முயன்றது. மொழி தமிழில் இருப்பதோடு, எழுதவும் நிறுவவும் எண்ணவும் தேவையான கருவிகள் உடன் கிடைக்கும்போதே மாணவர் தம் முதல் நிரலை இயக்க முடியும் என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.