கல்லும் மடலும்: சிற்பி கமீய் கிளோதெலின் ஆவணங்கள்

ஒரு கலைஞரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அவர்தம் படைப்புகள் முதற்சான்று, கடிதங்கள் துணைச்சான்று. ஆனால் தாம் வனைந்த உருவங்களைத் தாமே உடைத்தெறிந்து, இறுதி முப்பது ஆண்டுகளை மனநோய் மருத்துவமனையில் கழித்த ஒருவர் திறத்தில் இவ்வரிசை மாறிவிடுகிறது. துணைச்சான்றே முதற்சான்றாகிறது. பிரெஞ்சு நாட்டுப் பெண் சிற்பி கமீய் கிளோதெல் (1864-1943) அத்தகையவர். அவருடைய மடல்கள் யார் கையில் தங்கின என்பதை ஆராய்ந்தால், அவர் எவ்வாறு மறக்கப்பட்டார் என்பதும் எவ்வாறு மீட்கப்பட்டார் என்பதும் ஒருங்கே விளங்கும்.

பிறப்பும் பயிற்சியும்

கமீய் 1864-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் பெர்-ஆன்-தார்தெனுவா என்னும் சிற்றூரில் பிறந்தார். பிற்காலத்தில் கவிஞராகவும் நாடக ஆசிரியராகவும் தூதராகவும் புகழ்பெற்ற போல் கிளோதெல் இவருடைய தம்பி. குடும்பம் 1881இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் அரசு நுண்கலைப் பள்ளியின் கதவு பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை, 1897இல்தான் திறந்தது. எனவே கமீய் கொலரோசி என்னும் தனியார் கலைக்கூடத்தில் பயின்றார். பின்னர், ‘சிந்தனையாளன்’ சிலையை வடித்த ரோதேனிடம் மாணவியாகவும், பட்டறை உதவியாளராகவும், காதலியாகவும் ஆனார். ரோதேன் அவரினும் இருபத்து நான்கு ஆண்டு மூத்தவர்.

உழைப்பைச் சொல்லும் மடல்கள்

1886இல் ஆங்கிலத் தோழி ஒருவருக்குக் கமீய் எழுதிய மடல் குறிப்பிடத்தக்கது. மனித அளவினும் பெரிய இரு உருவங்களைச் செய்துவருவதாகவும், காலையில் பெண்ணும் மாலையில் ஆணும் மாதிரிகளாக வந்து நிற்பதாகவும், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பதாகவும் அதில் தெரிவிக்கிறார். அவ்விரு உருவங்களே ‘சகுந்தலை’ என்னும் சிற்பமாயின. பிரிவுக்குப்பின் மனைவியை அடையாளங்கண்ட மன்னன் அவள்முன் மண்டியிடுகிறான். அவள் அவன்மீது சாய்கிறாள். காளிதாசரின் நாடகத்திலிருந்து கமீய் தேர்ந்துகொண்ட கணம் இது. 1888-ஆம் ஆண்டுப் பாரிசுக் கலைக்காட்சியில் இச்சிற்பம் சிறப்புக் குறிப்பைப் பெற்றது.

இதனினும் இன்றியமையாதது, 1893 டிசம்பரில் அமெரிக்காவில் பணியாற்றிய தம்பிக்கு எழுதிய மடல். தாம் செய்ய எண்ணியுள்ள சிறு சிற்பங்களைக் கோட்டுருவங்களாகவே அதில் வரைந்து காட்டுகிறார். திரைமறைவில் ஒருத்தி கூறும் மறைசெய்தியை ஏனையோர் செவிமடுக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. இவை ரோதேனின் பாணியிலிருந்து முற்றும் விலகியவை என்று பெருமிதத்துடன் கூறும் அவர், இவ்வெண்ணங்களைப் பிறரிடம் சொல்லவேண்டா எனவும் தம்பியை வேண்டுகிறார். அந்தக் கோட்டுருவமே பின்னர் ‘உரையாடுவோர்’ என்னும் படைப்பாகி, 1897இல் ஓனிக்ஸ் என்னும் பச்சைநிறக் கல்லில் வடிவுற்றது. கமீயின் கலை ரோதேனின் நிழல் என்பாருக்கு இம்மடலினும் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

ரோதேன் வீட்டுத் தாள்கள்

1886 அக்டோபரில் ரோதேன் கமீய்க்கு எழுதிக்கொடுத்த தாள் ஒன்று உண்டு. காதல் மடல் எனினும் ஒப்பந்தம்போல் அமைந்தது அது. கமீய் தவிர வேறு மாணவியரை ஏற்பதில்லை, அவர்தம் கலைவளர்ச்சிக்குத் துணைநிற்பது, அவரை மணப்பது என உறுதிமொழிகள் அதில் அடுக்கப்பட்டுள்ளன. மணம் நிகழவில்லை. அதே வேளையில், பிரிந்தபின்னும் ரோதேன் அவருக்காகப் பலரிடம் பரிந்துரைத்தார் என்பதையும் ஆவணங்கள் காட்டுகின்றன.

ரோதேன் தம் உடைமைகளை அரசுக்கு அளித்தமையால் 1919இல் பாரிசில் அவர் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவருக்கு வந்த கடிதங்கள் காக்கப்பட்டன. கமீய்க்கு அத்தகைய இல்லம் இல்லை. எனவே நெடுங்காலம் அவர் பிறர் வரலாற்றின் ஓரத்திலேயே தோன்றினார். ஒருபால் ரோதேனின் காதலி, மறுபால் கவிஞர் போலின் தமக்கை.

மருத்துவமனைக் கோப்பு

1905-ஐ ஒட்டிக் கமீயின் மனநிலை திரிந்தது. ரோதேனின் ஆள்கள் தம் படைப்புகளைத் திருடுகின்றனர், தமக்கு நஞ்சிட முயல்கின்றனர் என அஞ்சினார். வனைந்த உருவங்களை உடைத்தார். அவருக்கு அரணாக இருந்த தந்தை 1913 மார்ச் 2-ஆம் நாள் இறந்தார். எட்டாம் நாள், மார்ச் 10இல், குடும்பத்தாரின் விண்ணப்பப்படி கமீய் வில்-எவ்ரார் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். போர் மூண்டதும், 1914இல், தெற்கே அவிஞ்ஞோன் நகருக்கருகில் உள்ள மோந்தெவெர்க் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் சிற்பத்தொழிலைத் தொடரவில்லை.

வெளியாரோடு கடிதத்தொடர்பு கூடாது என்பது குடும்பத்தாரின் கோரிக்கை. அதனால் அவர் எழுதிய மடல்கள் சில உரியவரைச் சேராமல் மருத்துவக் கோப்பிலேயே கிடந்தன. 1920இல் மருத்துவர் ஒருவர், நோயாளி அமைதியாக இருப்பதால் வெளியே அனுப்பிப் பார்க்கலாம் எனத் தாய்க்கு எழுதினார். தாய் மறுத்தார். 1929இல் இறக்கும்வரை அவர் மகளைச் சென்று காணவும் இல்லை. தூதர் பணியில் கீழை நாடுகளிலும் அமெரிக்காவிலும் இருந்த தம்பி, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழப் பன்னிரண்டு முறை வந்தார்.

1927இல் தம்பிக்கு எழுதிய மடலில், குளிரால் விரல் நடுங்கி எழுதுகோலைப் பிடிக்க இயலாமையைக் கமீய் கூறுகிறார். இளமையில் வாழ்ந்த வில்நெவ் சிற்றூருக்குத் திரும்பும் ஆசை அவர்தம் மடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றில் நஞ்சுபற்றிய மருட்சியும் உண்டு. குளிரையும் உணவையும் தனிமையையும் பற்றிய தெளிந்த கூற்றும் உண்டு. இரண்டும் ஒரே தாளில் அருகருகே நிற்கின்றன. மருட்சியை மட்டும் படித்தவர்கள் அவரை நோயாளி என்றனர். தெளிவை மட்டும் படித்தவர்கள் குற்றமற்ற சிறையாளி என்றனர். இரண்டையும் படிப்பதே நேர்மையான வாசிப்பு எனலாம். நோய் உண்மை, நோயின் தணிவைக் கண்ட பின்னும் கதவு திறக்கப்படாததும் உண்மை.

இரண்டாம் உலகப்போரின்போது பிரெஞ்சு மனநோய் மருத்துவமனைகளில் பல்லாயிரவர் பசியால் மடிந்தனர். அக்காலத்தில், 1943 அக்டோபர் 19-ஆம் நாள், கமீய் தம் எழுபத்தெட்டாம் வயதில் இறந்தார். அவர் எலும்புகள் பின்னர்ப் பொதுக்குழிக்கு மாற்றப்பட்டன. தனிக் கல்லறை எஞ்சவில்லை.

மீட்பு

1951இல் ரோதேன் அருங்காட்சியகம் கமீயின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. எனினும் அவருடைய குரலை மீட்டது 1984-ஆம் ஆண்டே. போல் கிளோதெலின் பெயர்த்தி ரேன்-மரி பாரி எழுதிய வரலாற்று நூல், மருத்துவமனைத் தாள்களையும் மடல்களையும் வெளிக்கொணர்ந்தது. எந்தக் குடும்பம் மடல்களைத் தடுத்ததோ அக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பெண்ணே அவற்றைத் திறந்தார். 2003இல் கடிதங்கள் தொகுப்பாக வந்தன. 2017இல் நொழான்-சுர்-சேன் நகரில் கமீயின் பெயராலேயே அருங்காட்சியகம் அமைந்தது.

காளிதாசரின் சகுந்தலை தாமரையிலையில் நகத்தால் மடல் எழுதுகிறாள். அது அனுப்பப்படுவதற்கு முன்பே, மறைந்து நின்ற மன்னன் கேட்டுவிடுகிறான். அச்சகுந்தலைக்கு உருக்கொடுத்த சிற்பியின் மடல்களுக்கோ அங்ஙனம் கேட்பார் அருகில் எவரும் இல்லை. எழுதியவர் மறைந்து நாற்பதாண்டு கழிந்தே அவை படிக்கப்பட்டன. அவற்றைத் தடுத்து வைத்த கோப்பே அவற்றைக் காத்தும் தந்தது என்பதில் ஆறுதல் கொள்ள இடமில்லை. அனுப்பியிருந்தால் அவை ஓர் உயிரைக் காத்திருக்கக்கூடும். கோப்பில் கிடந்ததால் ஒரு பெயரை மட்டுமே காத்தன.